பாதி ரோட்டுக்குத் தலைவர்

தும்பைக்குளத்தில் உக்கிரபாண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. தம்முடைய பொதுத்தொண்டுதான் அதற்குக் காரணம் என்று அவர் நினைத்திருந்தார். ஊர் வேறு மாதிரி நினைத்திருந்தது. பைக் வாங்கச் சக்தி இருந்தும் சைக்கிளிலேயே போய்வருகிற ஒரே சம்சாரி அவர். ஆகவே அவர் கஞ்சன் என்று ஒரு கட்சியும் கிறுக்கன் என்று ஒரு கட்சியும் ஊருக்குள் இருந்தன. இரண்டுமே உண்மையாக இருக்கலாமே என்று சமரசம் பேசுகிறவர்கள் மொக்கையன் டீக்கடை பெஞ்சில் எந்நேரமும் கிடைப்பார்கள்.

பெயரில்தான் உக்கிரம். எதிரே ஒரு கன்றுக்குட்டி முறைத்தால் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆள். கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. அதை அவர் மனைவி சந்தனம்மாள் ஆண்டுவந்தாள். அவருக்கு அருப்புக்கோட்டையில் ஓர் உரக்கடையில் வேலை. மூட்டை எடுத்துக் கொடுப்பது, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று சொல்வது, பூச்சி சாகாவிட்டால் ஏச்சு வாங்கிக்கொள்வது. காலையில் மேற்கே பார்த்து மிதிப்பார், பொழுது சாயக் கிழக்கே பார்த்து மிதிப்பார். ஒரே மகள் சத்யபிரியா பதினொன்றாம் வகுப்பு. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் அவள் காலையில் கிழக்கே, எம்.ரெட்டியபட்டிப் பள்ளிக்கூடத்துக்கு மிதிப்பாள். டவுன் பஸ்ஸும் உண்டு. முதல் பாடம் முடிந்தபிறகு பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்கிற நல்ல வழக்கம் அதற்கு.

அந்த ரோடு கொஞ்சம் பேர்போனது. தாருக்கு மேல் தார், அதற்கும் மேல் தார் என்று போட்டுப்போட்டு, ஓரத்து மண்ணுக்கும் ரோட்டுக்கும் முழங்கால் உயரம் ஏற்பட்டிருந்தது. ஓரத்தில் ஒதுங்கினால் ஒதுங்கியதாக அர்த்தமில்லை, குதித்ததாக அர்த்தம். கிழக்கே ஒரு கல்குவாரி இருந்ததால் டிப்பர் லாரிகள் வரும். அவை வருகிற சத்தம் முதலில் கேட்காது, மொக்கையன் கடையில் கண்ணாடித் தம்ளர்கள்தான் முதலில் நடுங்கும்.

தை பிறந்துவிட்டால் அந்த ரோடு களமாகிவிடும். ஊருக்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிமெண்டுக் களம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் தங்கபாண்டியின் டிராக்டரும், அவர் வீடு கட்டியதுபோக மிஞ்சிய செங்கலும், கோயில் பந்தல் கால்களும் காய்ந்துகொண்டிருந்தன. தானியம் காய இடமில்லை. அதனால் அறுத்த குதிரைவாலிக் கதிரையும் பிடுங்கிய உளுந்தஞ்செடியையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி உதிர்த்துக் கொடுக்கும். கூலி கேட்காது, கஞ்சி கேட்காது. சுற்றிக் கல் அடுக்கி, முனையில் சீமைக்கருவேலங் கொப்பை வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. டிப்பர் வந்தால் பெண்கள் எழுந்து நின்று, “ஏறிப் போங்கய்யா, நல்லா ஏறிப் போங்க” என்று சம்பந்தி வீட்டாரை அழைப்பது மாதிரி அழைப்பார்கள். சைக்கிள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சைக்கிள் ஏறி ஒரு மணி உதிராது, தடம்தான் விழும்.

போன வருஷம் மாசியில் செல்லப்பாண்டி என்ற பால்காரர் அங்கே செத்துப்போனார். உளுந்தஞ்செடியில் சைக்கிள் வழுக்கிச் சாய்ந்தது. பின்னால் வந்த டிப்பர் நிற்கவில்லை.

ஊர் கூடித் தீர விசாரித்தது. டிப்பர் வெளியூர், அதைக் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. உளுந்து உள்ளூர்; அதைக் குற்றம் சொல்ல வாய் வராது. செல்லப்பாண்டி இறந்துபோனவர், அவரைச் சொல்வது முறையில்லை. கடைசியில், எழுந்து பதில் சொல்ல முடியாத அந்த இடத்தின் மேல் பழி விழுந்தது. இடம் காவு கேட்டிருக்கிறது என்று தீர்ப்பானது. ஒரு கிடாயை வெட்டி ரத்தத்தை ரோட்டில் தெளித்தார்கள். கறி வீட்டுக்கு வீடு பங்கானது. மறு வாரம் அதே இடத்தில் கொத்தமல்லி காய்ந்தது.

கிடாய் போதுமா என்பதில் மட்டும் ஊருக்குச் சந்தேகம் தீரவில்லை. “அது ஒத்தைக் காவுல நிக்காதுய்யா” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதிலிருந்து யார் சைக்கிளில் போனாலும் ஒரு பார்வை பார்த்தார்கள். பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை. எந்தப் பஸ்ஸில் ஏறுவார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் தவிர அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

உக்கிரபாண்டி சங்கம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ‘தும்பைக்குளம் வட்டார மிதிவண்டி ஓட்டுவோர் பாதுகாப்பு நலச் சங்கம்’ என்று பெயர். பெயரைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் உறுப்பினர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடலாம். தலைவர் உக்கிரபாண்டி. துணைத்தலைவர், சைக்கிளில் பனங்கிழங்கு விற்கிற சங்கையா. இந்த சங்கையாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அந்த ரோட்டில் அவர் பயப்படாமல் போய்வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சங்கத்தின் முதல் பணியாக, வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு நாடாவை அருப்புக்கோட்டையிலிருந்து வாங்கி வந்து ஊரிலுள்ள அத்தனை சைக்கிள்களின் பின் மட்கார்டிலும் தலைவரே ஒட்டினார்.

“ரோட்டுல போற எருமைக்கும் ஒட்டுறதுதான?” என்றாள் சந்தனம்மாள்.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். உக்கிரபாண்டிக்கு அது ஆலோசனையாகப் பட்டது. எருமைகளின் கொம்பிலும் ஒட்டினார். அதற்குப் பிறகு எந்த எருமையும் அடிபடவில்லை. அதற்கு முன்பும் அடிபட்டதில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்தவில்லை.

சங்கத்தின் நோக்கங்கள் என்று அவர் நாலு பேரிடம் பல விஷயங்களைச் சொல்லுவார். மெய்யான நோக்கம் ஒன்றுதான். அது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு, காலையில் கிழக்கே போகும். பொழுது சாய அது வீடு திரும்ப வேண்டும்.

இந்த வருஷம் தை பிறந்தது. முதல் கதிர்க்கட்டு ரோட்டில் விழுந்த அன்றைக்கு உக்கிரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமே மந்தையில் ஊரைக் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஊரும் வேறு சோலி இல்லாததால் கூடியது.

நடுவில் தங்கபாண்டி உட்கார்ந்திருந்தார். சந்தனம்மாளுக்குப் பெரியப்பா மகன். ஊரில் அதிகமாக விதைப்பவர், ஆகவே அதிகமாகப் பேசுபவர்.

“சொல்லு மாப்ள. இந்த ரோடு யாருக்கு?”

“எல்லாருக்குந்தான் மச்சான்.”

“அப்ப குதிரைவாலிக்கு?”

உக்கிரபாண்டி தயங்கினார். இல்லை என்று சொன்னால் அவர் வீட்டுக் கதிர்க்கட்டும் அதில் அடங்கும். கதிருக்குச் சொந்தக்காரி பெண்கள் பக்கமிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குதிரைவாலிக்கும்தான். நான் வேணாங்கல. சைக்கிளுக்கும் ஒரு ஓரம் விடுங்கங்கேன். புள்ளைக கதிருக்குள்ள வழுக்கி வழுக்கிப் போகுதுக, பின்னாடியே டிப்பரு வருது.”

“டிப்பரு வரட்டும்யா. அது வந்தாத்தான உதிருது” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“எலும்பும் உதிரும்” என்றாள் சந்தனம்மாள்.

செல்லப்பாண்டியின் நினைப்பு எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். தங்கபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக அண்ணன் தம்பிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துப் பழகிய குடும்பம் அவருடையது. எந்த வழக்கு வந்தாலும் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

“இதுல என்னய்யா இருக்கு. ஆளுக்குப் பாதி. ரோட்டை நடுவுல கோடு போட்டுப் பிரிச்சிருவோம். வடக்குப் பாதி சைக்கிளுக்கு. தெக்குப் பாதி களத்துக்கு. அந்தப் பாதியில ஒரு கதிர் விழக்கூடாது, இந்தப் பாதியில ஒரு சைக்கிள் ஏறக்கூடாது. சரிதானா மாப்ள?”

உக்கிரபாண்டி அதிர்ந்துபோனார். ஓரத்தில் ஒரு முழம் கேட்கலாம் என்று வந்தவருக்குப் பாதி ரோடு கிடைத்துவிட்டது.

சங்கையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “கெழக்க போறப்ப வடக்கு எடது பக்கம், சரி. திரும்பி வாரப்ப?”

“வாரப்பவும் வடக்குத்தான். பிரிச்ச நெலம் சாயங்காலம் எடம் மாறுமாய்யா?”

ஊர் சிரித்தது. சங்கையாவும் சிரித்தார். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கா ஓர் உயிர் போயிற்று என்று சிலர் அங்கலாய்த்தார்கள். கார், பஸ், வேன் போன்றவற்றுக்கு இந்த ஊரில் வாரிசுரிமை இல்லாததால் பாகப்பிரிவினையில் அவற்றின் பேச்சு வரவில்லை.

மறுநாள் சுண்ணாம்பைக் கரைத்து, கயிறு பிடித்து, ரோட்டின் நடுவில் கோடு இழுத்தார்கள். கோடு அழிந்துபோனால் பின்னால் தகராறு வரும் என்று, வரப்புக்குக் கல் நடுவது மாதிரி கோட்டின் மேல் வரிசையாகக் குண்டுக்கல் வைத்தார்கள். தங்கபாண்டி உக்கிரபாண்டிக்குத் துண்டு போர்த்தினார். சங்கத் தலைவர் சுத்தமாகக் கூட்டி விடப்பட்ட தம் பாதியில் சைக்கிளில் ஏறி ஒரு வட்டம் வந்தார். வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான் அவர் பெயருக்கேற்ற மாதிரி இருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சந்தனம்மாள் கேட்டாள். “ஏங்க, காரு எங்கிட்டுப் போகும்?”

“ரோட்டுலதான்.”

“எந்தப் பாதியில?”

துண்டை மடித்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டி கொஞ்சம் நிறுத்தினார். “களத்துப் பக்கந்தான் போகணும். ஊர் முடிவுல்ல.”

“ஊர் முடிவு காருக்குத் தெரியுமா?”

வெளியே எங்கோ ஒரு டிப்பர் போனது. அடுப்படியில் சட்டி மூடி லேசாக நடுங்கி அடங்கியது.

அடுத்த நாள் காலையில் தம்முடைய சாதனையைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று மொக்கையன் கடை ஓரமாக நின்றார். தெற்குப் பாதி முழுவதும் குதிரைவாலி பொன்னாகக் கிடந்தது. வடக்குப் பாதி கறுப்பாகத் துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. நடுவில் வெள்ளைக் கற்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சத்யபிரியா மணியடித்துக்கொண்டே அவரைத் தாண்டிக் கிழக்கே போனாள்.

அப்போது கிழக்கேயிருந்து ஒரு வேன் வந்தது. நியாயமாக அது தெற்குப் பாதியில், கதிர் மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வடக்குப் பாதியில், நேர் எதிரே, சத்யபிரியாவின் முகத்துக்கு வந்தது. நல்ல வேகம். அவளுக்கு வலது கையில் கல் வரிசை, இடது கையில் முழங்கால் பள்ளம். வேன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நான் நிற்கப்போவதில்லை.

சத்யபிரியா சைக்கிளோடு பள்ளத்துக்குள் சரிந்தாள். வேன் போய்விட்டது. உக்கிரபாண்டி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவளே சைக்கிளைத் தூக்கி மேலே வைத்துவிட்டாள். முழங்கையில் கருவேல முள் கிழித்திருந்தது.

“ஒண்ணுமில்லப்பா. மணியாச்சு, நான் வாரேன்” என்று ஏறிப் போய்விட்டாள்.

அவர் அங்கேயே நின்றார். ஒரு பைக், ஒரு கார், இன்னொரு பைக், பஸ். போகிறதும் வருகிறதும் அத்தனையும் வடக்குப் பாதியில்தான். அழகுராஜாவின் ஷேர் ஆட்டோவும் அதில்தான் வந்தது. கையை நீட்டி மறித்தார்.

“ஏலே அழகுராஜா, அங்கிட்டு ஏறி வாரதுக்கென்ன? இது சைக்கிளுக்கு விட்ட பக்கம்ல.”

“அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. கதிருல ஏறுனா தாளு அச்சுல சுத்திக்கிடுது. சைலன்சரு சூட்டுல புடிச்சுச்சுன்னா வண்டி எரிஞ்சுரும். போன வருசம் மல்லாங்கிணறு பக்கம் ஒரு காரு எரியலையா? பைக்குக்காரனுக்கு வழுக்கும். பஸ்ஸுக்காரருக்கு எதுக்கு வம்புன்னு இருக்கும். டிப்பரு ஒண்ணுதான் கதிருல ஏறும், அதுவும் அவுகளுக்குப் பொழுது போகலைன்னா.”

“முன்னாடி ரெண்டு பக்கமும் கெடந்தப்ப எப்படிடா போனீக?”

“மெல்ல உருட்டிட்டுப் போனோம். வேற வழி? இப்ப நீங்கதான் நல்லாக் கூட்டிப் பளபளன்னு ஒரு பக்கத்தை விட்டிருக்கீகளே. ஊரைத் தாண்டறவரைக்கும் விர்ருன்னு வாரோம். நல்ல காரியம் பண்ணுனீகண்ணே. எங்க ஸ்டாண்டுல ஒங்களைத்தான் பேசிக்கிட்டாக.”

நல்ல காரியம் பண்ணியவர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நேரே தங்கபாண்டி வீட்டுக்குப் போனார்.

“மச்சான், கல்லை எடுத்துருவோம். ரோடு பூராவும் கதிரைப் பரப்பச் சொல்லுங்க.”

தங்கபாண்டி வெற்றிலையை மென்று முடிக்கும்வரை அவரையே பார்த்தார். “மாப்ள, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“பூராவும் கெடந்தா வண்டி மெல்லப் போகுது. புள்ளைகளும் எறங்கி உருட்டிட்டுப் போயிரும். இப்ப ரெண்டு பக்க வண்டியும் ஒரே பாதியில பறக்குது. எம்மக இன்னைக்குப் பள்ளத்துல கெடந்தா.”

“அடி ஒண்ணுமில்லையே?”

“இன்னைக்கு இல்ல.”

“பெறகென்ன.” தங்கபாண்டி எழுந்து துப்பிவிட்டு வந்தார். “ஊரு கூடிப் பிரிச்சது. பிரிச்ச நெலத்தைத் திரும்பச் சேத்ததா எங்கயாவது கேட்டிருக்கியா? சைக்கிளுக்கு ரோடு வேணும்னு நீதான் கேட்ட. குடுத்தாச்சு. இன்னைக்கு வேணாங்கிற. நாளைக்குப் பூரா ரோடும் சைக்கிளுக்குங்குவ. தலைவரா இருக்கிறவன் ஒரு சொல்லுல நிக்கணும் மாப்ள.”

வாசலில் நின்றவர்கள் ஆமோதித்தார்கள். அவரைப் பார்த்த பார்வையில் பரிவு இருந்தது. அந்தப் பரிவுதான் உக்கிரபாண்டிக்குப் பிடிக்கவில்லை. துஷ்டி வீட்டில், சாவுச் செய்தி இன்னும் தெரியாதவரைப் பார்க்கிற பரிவு.

வேறு வழி தெரியாமல் மறுநாள் விடிந்ததும் தம் வீட்டுக் கதிர் இரண்டு கட்டைச் சுமந்து போய் வடக்குப் பாதியில் பிரித்துப் போட்டார். கால் மணி நேரத்தில் ஊர் ஆட்கள் வந்து, ஒரு மணி சிந்தாமல் அள்ளிக் கட்டி, மரியாதையாகக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டார்கள். “சைக்கிள் பக்கம்ங்க. நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி?” என்று வருத்தப்பட்டார்கள்.

“புள்ள நாளையிலருந்து போகவேணாம்” என்றாள் சந்தனம்மாள். “அறுப்பு முடியட்டும்.”

“அறுப்பு எப்பம்மா முடியும்?” என்றாள் சத்யபிரியா. “குதிரைவாலி, அப்புறம் உளுந்து, கம்பு, மல்லி. எனக்குப் பரிச்சை வருது. உளுந்து காயுதுன்னு டீச்சர்கிட்டச் சொல்லவா?”

இரண்டு பேரும் உக்கிரபாண்டியைப் பார்த்தார்கள். ஒரு சங்கத்தின் தலைவருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் ஏதாவது தோன்றியாக வேண்டும்.

“நான் முன்னாடி போறேன்” என்றார். “நீ பின்னாடி வா.”

அதற்கடுத்த நாள் காலையில் தும்பைக்குளம் அந்தக் காட்சியைப் பார்த்தது. வடக்குப் பாதியின் நட்டநடுவில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, நடக்கிற வேகத்தில் உக்கிரபாண்டி சைக்கிள் மிதித்துப் போனார். ஓரத்துக்குப் போகவில்லை. அவர் சக்கரத்தை ஒட்டி மகள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. எதிரே வந்த கார் நின்று, அவர் அசையவில்லை என்று தெரிந்ததும், வைதுகொண்டே கல்லுக்கு நடுவில் சந்து பார்த்துக் கதிரில் ஏறிப் போனது.

“அப்பா, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். ஓரத்துல போறவனை எவனும் பாக்குறதில்ல. நடுவுல போனாத்தான் கண்ணுல படும். படணும்.”

அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவளுக்குக் கேட்டிருக்காது, ஹாரன் சத்தம் அதிகம்.

பெண்கள் சொளகில் புடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். டீக்கடை பெஞ்சு காலியாகி ரோட்டோரத்துக்கு வந்தது. ஒரு வாரம் இது நடந்தது. போகும்போது கூட வருவார், சாயங்காலம் கடையில் சீக்கிரம் சொல்லிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்பார். ஒவ்வொரு நாளும் வேடிக்கை பார்க்கிற கூட்டம் கூடியது. பேசாமல் நின்று பார்த்துவிட்டு, இரண்டு சைக்கிளும் வளைவில் மறைந்ததும், எதையோ தவறவிட்ட மாதிரி கலைந்து போனார்கள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், காலையில் டிப்பர் வந்தது.

எதிரே, வடக்குப் பாதியில் வந்தது. லோடு கிடைக்காமல் குவாரியிலிருந்து திரும்புகிற காலி வண்டி, காலி வண்டிதான் வேகம். தூரத்திலேயே விளக்கைப் போட்டு அணைத்தது. உக்கிரபாண்டி ஒரு கையால் மகளைப் பின்னால் நிற்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, தாம் மட்டும் நடுவிலேயே போனார். ஹாரன் நீளமாக அடித்தது. அவர் விலகவில்லை. விலகாததற்கு வீரம்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. கை ஹேண்டில்பாரில் இறுகிப்போய்த் திருப்ப வரவில்லை. ஹாரன் நின்றது.

டிப்பர் கல் வரிசையை உடைத்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது. பெண்கள் சிதறி ஓடினார்கள். தூற்றிச் சுத்தமாகக் குவித்து வைத்திருந்த தங்கபாண்டியின் தானியக் குவியலுக்கு நடுவில் புகுந்து, பள்ளத்து ஓரம்வரை வாரி இறைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஏறி, நிற்காமல் போய்விட்டது.

தானியத்தைக் குவித்து வைத்துவிட்டால் அதன்மேல் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள். ஏறியதில்லை. ஊர் முழுவதும் அந்தக் குவியலை நோக்கி ஓடியது. அள்ளினார்கள், வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். உக்கிரபாண்டி ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கச் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

மந்தையில் ஊர் காத்திருந்தது.

“வாங்க தலைவரே” என்றார் தங்கபாண்டி. மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

பேச்சு நீண்டது. குவியலில் எவ்வளவு மண்ணோடு போனது, எவ்வளவு அள்ள முடிந்தது என்று ஒரு பேச்சு. அதை மிதித்ததற்கு என்ன பரிகாரம் என்று ஒரு பேச்சு. உக்கிரபாண்டி இடையிடையே, “எம்மக பின்னாடி நின்னா மச்சான்” என்றார். “நிக்கட்டும், அதுக்கு இப்ப என்ன” என்று பதில் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்து மறுபடி கூடினார்கள். குற்றவாளி எழுந்து போகக்கூடாது என்பதால் அவருக்குச் சந்தனம்மாள் அங்கேயே கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். பொழுது மேற்கே இறங்கிய பிறகு தீர்ப்பு வந்தது. சைக்கிள் சங்கம் இன்றோடு கலைக்கப்படுகிறது. சைக்கிள்காரர்கள் தங்கள் பாதியில் ஓரமாகப் போகவேண்டும். பிரித்தது பிரித்தபடி இருக்கும். பெயர்ந்த கற்களை அவரே திரும்ப எடுத்து வைக்க வேண்டும்.

“சரி மச்சான்” என்று உக்கிரபாண்டி எழுந்தார். அப்போதுதான் மந்தை வேப்பமரத்து நிழல் எதிர்ச்சுவரில் ஏறியிருந்ததைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகியிருக்கும்.

கல்லை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கிழக்கே மிதித்தார். குவாரியில் சாயங்கால லோடு ஏற்றிக் கிளம்புகிற நேரம். டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதிர்ப் பக்கம் அவரைத் தாண்டிப் போயின. தூசி அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் சைக்கிளை ஓரத்தில் உருட்டிக்கொண்டு எதிரே வந்தார்கள்.

“சத்யபிரியா எங்க தாயி?”

“பின்னாடி வருது மாமா. ஒங்களைத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பெறகு தனியாக் கெளம்பிருச்சு.” ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். “நாங்க ஓரமா வரச் சொன்னோம். அது கேக்கல.”

வளைவு திரும்பினார். வடக்குப் பாதியில், தூரத்தில், ஒரு நீளமான வண்டி வரிசை மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு டிப்பர், அதன் பின்னால் பஸ், பைக்குகள். எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. டிப்பருக்கு முன்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நட்டநடுவில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, நடக்கிற வேகத்தில் சத்யபிரியா மிதித்து வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சடைக்கும் டிப்பரின் பம்பருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று அவருக்கு அங்கிருந்து தெரியவில்லை. இடைவெளி இருப்பதாகவே தெரியவில்லை. டிரைவர் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

உக்கிரபாண்டி கத்தினார். ஹாரன் சத்தத்தில் அது கேட்டிருக்காது. ஓரத்துக்குப் போ, இறங்கிவிடு என்று ஒரு கையை எடுத்து வேகமாக வீசினார்.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். அப்பா வந்துவிட்டார் என்று முகம் மலர்ந்தது. அவளும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து, உயர்த்தி ஆட்டினாள்.